நியூசிலாந்துப் போர் மினியேச்சர் பெயிண்டிங்: பிரிட்டிஷ் சிப்பாய், மாவோரி வீரர் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

முதல்ல எதுல கை வைக்கிறது? நேரா பெயிண்ட் வாங்கிரலாமா?

வேணாம், முதல்ல வருஷத்தை முடிவு பண்ணுங்க. "மாவோரி போர்"னு பொத்தாம்பொதுவா ஆரம்பிச்சா சட்டை 1845லயும் துப்பாக்கி 1863லயும் நிக்கும், தலைல இருக்கிற வெள்ளை ஹெல்மெட் 1879 ஜூலு போர்ல இருந்து வந்திருக்கும், பாக்க அழகா இருந்தாலும் தெரிஞ்சவன் ஒருத்தன் வந்து பாத்தா முதல் கேள்வியே அங்கதான் விழும். நியூசிலாந்துப் போர்கள்ங்கிறது அந்த நாட்டோட பூர்வகுடிகளான மாவோரிகளுக்கும் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கும் நடந்தது, ஆனா ஒரே சண்டை இல்ல, பெரும்பகுதி 1845ல இருந்து 1872 வரைக்கும் விட்டு விட்டு நடந்தது. வடக்குல ஹோனே ஹேகே, கவிட்டிங்கிற மாவோரித் தலைவர்கள் 1845-46ல பிரிட்டிஷோட மோதினது ஒரு கட்டம். 1860ல தாராநாக்கி, 1863-64ல வைக்காட்டோ, அதோட தொடர்ச்சியா தவுரங்கான்னு மூணு வட்டாரத்துல நடந்த சண்டை, இது ரெண்டாவது. 1868க்கு அப்பறம் தித்தோகோவாரு, தே கூட்டிங்கிற மாவோரித் தலைவர்கள் ரெண்டு பேரையும் துரத்தினது மூணாவது, அப்போ பிரிட்டிஷ் ரெஜிமெண்ட்கள் கிட்டத்தட்ட எல்லாம் ஊருக்குப் போயாச்சு, சண்டை போட்டது அந்த நாட்டு அரசாங்கத்தோட சொந்தப் படை. இந்த மூணுல ஒண்ணைப் பிடிச்சா சட்டை கலர்ல இருந்து செருப்பு வரைக்கும் மத்ததெல்லாம் தானா முடிவாயிரும்.

புதுசா வர்றவங்களுக்கு என் சாய்ஸ் 1845 வடக்குப் போர். படை சின்னது, சிவப்புச் சட்டை இருக்கு, கோட்டையும் இருக்கு, மேஜைல வெச்சா கதை புரியும்.

எந்த சைஸ்? எங்க கிடைக்கும்?

28 மில்லிமீட்டர்தான் பொதுவா ஓடுது. இங்கிலாந்துல எம்ப்ரஸ் மினியேச்சர்ஸ் இந்தப் போருக்குன்னே ஒரு வரிசை போடுறாங்க, உலோகப் பொம்மை. முகம் தெளிவா செதுக்கியிருக்கிற பொம்மையா பாத்து வாங்குங்க, ஏன்னா இந்த சப்ஜெக்ட்ல வேலை முழுக்க முகத்துலதான் இருக்கு. ஷிப்பிங், கஸ்டம்ஸ் பத்தி என்கிட்ட கேக்காதீங்க, வயித்தெரிச்சல்.

உலோகப் பொம்மையைத் தயார் பண்றது எப்படி?

மோல்ட் லைனை, அதாவது அச்சு சேர்ந்த இடத்துல மேடா நிக்கிற கோட்டை, ஊசி ஃபைல்ல தேய்ச்சு எடுங்க, பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணில பழைய டூத் பிரஷ் வெச்சு கழுவுங்க, காயட்டும், பெயிண்ட் பிடிக்கிறதுக்கான அடிக்கோட்டு, அதான் பிரைமர், அடிங்க. தேய்க்கிறப்ப வர்ற தூளை ஊதாதீங்க, ஈரத்துணில துடைங்க, அப்பறம் கை கழுவிட்டு சாப்பிடுங்க.

பிரைமர் கருப்பா, வெள்ளையா, சாம்பலா?

1845 சிப்பாய்க்கு சாம்பல், இல்ல செங்கல் மாதிரி பிரவுன். சிவப்பு பெயிண்ட் பொதுவாவே மெல்லிசா உக்காரும், கருப்பு மேல அடிச்சா அஞ்சு கோட் போட்டாலும் செத்த சிவப்பாத்தான் நிக்கும். 1860கள் சிப்பாய்க்கு கருப்பு பிரைமர் தாராளமா போதும், அவன் உடம்பு முழுக்க கருநீலம்தான். மாவோரி பொம்மைக்கு இளம் பிரவுன் இல்லன்னா சாம்பல், தோலும் நார்த்துணியும் ரெண்டுமே அதுல இருந்து சுலபமா எழும்பி வரும்.

மழைக்காலத்துல ஸ்ப்ரே பிரைமர் அடிக்காதீங்க, காத்துல ஈரம் இருந்தா வெள்ளையா பூத்துரும். பிரஷ்ல தடவுற பிரைமர் வாங்கி வெச்சுக்கிறது புத்திசாலித்தனம்.

1845 சிவப்புச் சட்டையை எப்படி அடிக்கிறது?

இவங்க போட்டது வால் இல்லாத குட்டை ஜாக்கெட், ஷெல் ஜாக்கெட்னு சொல்லுவாங்க, நெஞ்சுல வெள்ளை நாடா வேலைப்பாடு எதுவும் கிடையாது. அதனால நெப்போலியன் காலத்து கைடு பாத்து நாடா போட்டு வெக்காதீங்க. முதல்ல செம்பிரவுன், அதுக்கு மேல மடிப்புகளை விட்டுட்டு நடு சிவப்பு, கடைசில தோள்பட்டை, முழங்கை, பட்டன் வரிசை ஓரம் மட்டும் சிவப்புல துளி ஆரஞ்சு கலந்து ஒரு கோடு. வெள்ளை மட்டும் கலக்கவே கூடாது, ரோஸ் கலர் ஆயி சிப்பாய் கல்யாண பேண்ட் வாத்தியக்காரன் ஆயிருவான். மாசக்கணக்கா காட்டுலயும் மழையிலயும் கிடந்த துணிங்கிறதால கடைசியா மெல்லிசா ஒரு பிரவுன் வாஷ் (மடிப்புல ஓடி நிழல் விழ வைக்கிற தண்ணியான பெயிண்ட்) விட்டா இன்னும் நல்லது.

காலர், மணிக்கட்டு கலர்தான் ரெஜிமெண்ட்டைக் காட்டும். 58வது ரெஜிமெண்ட்டுக்கு கருப்பு. 96க்கும் 99க்கும் மஞ்சள். வடக்குப் போர்ல பெரும்பாலும் இந்த மூணுதான், கூட கப்பல்ல வந்த மாலுமிங்க, மரைன்ஸ். பேண்ட் கிட்டத்தட்ட கருப்பான கருஞ்சாம்பல், வெளிப்பக்கத் தையல்ல சன்னமா ஒரு சிவப்புக் கோடு. வெயில் காலம்னா வெள்ளை. குறுக்கு பெல்ட்டை நேரா வெள்ளையில அடிக்காம வெளிர் சாம்பல் போட்டு மேல்விளிம்புல மட்டும் வெள்ளை இழுங்க. துப்பாக்கி பழைய மஸ்கெட், குழலுக்குள்ள வரிப்பள்ளம் இல்லாம வழவழப்பா இருக்கும்.

எல்லாரும் சிவப்புதானே? 1860கள்ல ஏன் நீலம்னு சொல்றீங்க?

எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான். 1860 தாராநாக்கில இருந்து களத்துல இருந்த சிப்பாய் சிவப்பைக் கழட்டிட்டு கருநீல செர்ஜ் (முரட்டுக் கம்பளித் துணி) சட்டை, கருநீல பேண்ட், வட்டமான கருநீல ஃபோரேஜ் தொப்பின்னு மாறிட்டான். புதர்க்காட்டுல சிவப்பு தூரத்துலயே கண்ணுக்குத் தெரியும், நல்ல துணி முள்ளுல கிழியும், காரணம் அவ்வளவுதான். அதனால ரங்கிரிரி, ஓராக்காவ், கேட் பான்னு 1863-64 சண்டைகள்ல எதை எடுத்தாலும் சிவப்பு லைன் நிறுத்தாதீங்க. காலர் கலர் கவலையும் இதோட போச்சு, ரெஜிமெண்ட் எதுன்னு சொல்றது தொப்பி முன்னாடி இருக்கிற பித்தளை நம்பர் மட்டும்தான், 28 மில்லில அது ரெண்டு தங்கப் புள்ளி. 43, 68 ரெண்டும் லைட் இன்ஃபன்ட்ரி, அவங்க தொப்பி மட்டும் கரும்பச்சை.

கருநீலத்துல ஒரே சிக்கல், மேஜைல வெச்சா கருப்பாத் தெரியும். ஹைலைட்டுக்கு பளிச்சுன்னு நீலம் எடுத்தா சூப்பர்மேன், சாம்பல் கலந்த நீலம் எடுத்தா செர்ஜ். முழங்கால்லயும் முதுகுலயும் கொஞ்சம் தூக்கலாவே போடுங்க. துப்பாக்கி என்ஃபீல்ட் ரைஃபிள், அதுக்குக் குழல் பளபள எஃகு இல்ல, நீலம் பாஞ்ச கருப்பு, அடிக்கட்டைல பித்தளைத் தகடு. தோள்ல சுருட்டின கம்பளி, பக்கத்துல அழுக்கு வெள்ளை ஹேவர்சாக் பை, இது ரெண்டு மட்டும்தான் அந்த இருட்டு பொம்மைல வெளிச்சம், அதனால அங்க கஞ்சத்தனம் காட்டாதீங்க.

ஃபாரஸ்ட் ரேஞ்சர்ஸ்னு ஒரு குரூப் இருக்காமே?

இருக்கு, 1863ல குடியேறிகளை வெச்சு உருவாக்கின காட்டுப்படை. ஃபான் டெம்ப்ஸ்கிங்கிற பிரஷ்யாக்காரர் ஒரு கம்பெனிக்குத் தலைவர், ஆளுங்க கைல போவி கத்தி, காலிஷர் அண்ட் டெர்ரி கார்பைன்ங்கிற குட்டைத் துப்பாக்கி, ரிவால்வர். அவர் 1868 செப்டம்பர் 7ல தே நுத்து ஓ தே மனுங்கிற இடத்துல தித்தோகோவாரு ஆளுங்களோட நடந்த சண்டைல செத்துப்போனார். அப்போ அவர் இருந்தது 1867ல வந்த ஆர்ம்ட் கான்ஸ்டபுலரிங்கிற அரசாங்க ஆயுதப் படைல. காட்டுக்குள்ள போறப்ப இவங்க பேண்ட்டுக்குப் பதிலா கம்பளியையோ சால்வையையோ இடுப்புல கட்டிக்கிட்டாங்க, அந்தக் கட்டம் போட்ட சால்வையை அடிக்கிறது செம ஜாலி. நம்ம லுங்கிக் கட்டத்தைப் பாத்து வளந்த கைக்கு அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல.

மாவோரி தோலுக்கு எந்த பிரவுன்?

ஒரே பாட்டில்ல இருந்து எல்லாருக்கும் அடிக்காதீங்க, இதான் முதல் விதி. நிறைய பேர் ஆப்பிரிக்க வீரர்களுக்கு வாங்கின கரும்பிரவுனையே இவங்களுக்கும் தூக்கிப் போடுறாங்க, அது தப்பு. இவங்க பாலினேசியர், தோல் வெளிர் பிரவுன்ல இருந்து நடுத்தர பிரவுன் வரைக்கும் ஆளுக்கு ஆள் மாறும், அடில கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் செம்பு தட்டும். நடு பிரவுன் ஒண்ணு, டான் (வெளிர் பழுப்பு) ஒண்ணு எடுத்து நாலு விதமா கலந்து வெச்சுக்கிட்டு கூட்டத்துல மாத்தி மாத்தி அடிங்க. அதுக்கு மேல ரைக்லாண்ட் ஃபிளெஷ்ஷேட்ங்கிற தோல் நிழலுக்கான வாஷ், காய்ஞ்சதும் பழைய கலரையே நெத்தி, மூக்கு, தோள், தொடை மேல திரும்பப் போட்டா முடிஞ்சது. ஹாக்காங்கிற போர் நடன போஸ்ல கண்ணை உருட்டி நாக்கை நீட்டுற பொம்மைன்னா கண் வெள்ளை நல்லாத் தெரியணும், கருவிழி சின்னதா நடுவுல நிக்கணும், மத்த எல்லாருக்கும் கண்ணுல ஒரு கருங்கோடு போதும்.

முகத்துல இருக்கிற மோக்கோ! அதை எப்படி அந்த சைஸ்ல வரையிறது?

இதுக்குத்தான் எல்லாரும் வர்றீங்கன்னு தெரியும், அதனால கொஞ்சம் விரிவாவே.

மோக்கோ வெறும் மை குத்தின பச்சை இல்ல. ஆம்பளை முகத்துல உளி வெச்சுத் தட்டி தோல்ல பள்ளம் விழுற மாதிரி செதுக்கி, அதுல புகைக்கரி மை ஏத்தினது. கலர் சுத்தக் கருப்பு கிடையாது, நாளாக நாளாக நீலமும் பச்சையும் தட்டின கருமை. அதனால கருநீலத்துல துளி கரும்பச்சை, துளி சாம்பல் கலந்து ஃபில்டர் காபி டிக்காஷன் பதத்துக்கு தண்ணி விட்டுக்கங்க, கருப்பு பாட்டிலைத் தொடாதீங்க.

தோல் முழுக்க ஹைலைட்டோட முடிஞ்சப்பறம்தான் இதை ஆரம்பிக்கணும். மூக்குல இருந்து ஆரம்பிங்க. மூக்கு ரெண்டு பக்கமும் ஒரு சின்னக் கமா, அதான் சுருள். அப்பறம் மூக்கோரத்துல இருந்து வாயைச் சுத்தி தாடை வரைக்கும் ரெண்டோ மூணோ வளைகோடு, ரெண்டு பக்கமும் சமமா. அப்பறம் புருவத்துக்கு மேல நெத்தியில விசிறி மாதிரி விரியிற கோடுகள். கடைசியா கன்னத்துல ஒவ்வொரு சுருள், இது வரலைன்னா ஒரு வளையம் போட்டு நடுவுல ஒரு புள்ளி வைங்க, கை நீட்டுற தூரத்துல இருந்து பாத்தா சுருளாத்தான் தெரியும். 28 மில்லில கன்னத்தோட அகலமே ரெண்டு மில்லிதான் வரும், அதுல நிஜ மோக்கோல இருக்கிற எல்லாக் கோட்டையும் திணிக்கப் பாத்தா முகம் கரி பூசின மாதிரி ஆயிரும். கோட்டுக்கு நடுவுல தோல் தெரியணும், அந்த இடைவெளிதான் டிசைனே.

பிரஷ் ஜீரோ சைஸ்ல கூர்மையா இருந்தா போதும். ரொம்பப் பொடி பிரஷ்ல பெயிண்ட் முகத்துக்கு வர்றதுக்குள்ள முனைலயே காய்ஞ்சுரும். கை நடுங்குறவங்க 0.05 பிக்மெண்ட் இங்க் பேனா வாங்கிக்கங்க, ஆனா வார்னிஷ் அடிக்கிறதுக்கு முன்னாடி நல்லாக் காயவிடுங்க, சில மை கரைஞ்சு ஓடும். எல்லாம் முடிஞ்சதும் தோல் கலரை ரொம்பத் தண்ணியா மேல ஒரு தடவை ஓட்டுங்க, கோடு முகத்து மேல ஒட்டாம தோலுக்குள்ள இறங்கின மாதிரி ஆயிரும். இந்தக் கடைசி ஸ்டெப்பை விடவே விடாதீங்க.

தொடையிலயும் பின்பக்கத்துலயும் கூட செதுக்குவாங்க, வெறுங்கால் பொம்மைல அதையும் போடணும். பொம்பளைங்களுக்கு உதடும் தாடையும் மட்டும். எல்லாருக்கும் முழு முகமும் வேணாம், 1840கள் தலைவர்னா முழுசு, 1860கள்ல சின்னப் பசங்க பல பேருக்கு இல்லவே இல்ல.

மோக்கோ வரையிறது மரியாதைக்குறைவு இல்லையா?

வரையிறது தப்பில்ல, நான் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனா ஒரு நிஜ மனுஷரோட மோக்கோவை அப்படியே காப்பி அடிக்காதீங்க. அது அவரோட வம்சாவளி, அந்தஸ்து, அடையாளம் எல்லாம் சேர்ந்தது. மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் போட்ட 1840 வைத்தாங்கி ஒப்பந்தத்துல சில தலைவர்கள் கையெழுத்துக்குப் பதிலா தன் மோக்கோவோட ஒரு பகுதியைத்தான் வரைஞ்சு கொடுத்தாங்க. மாவோரிகளுக்கு தலைங்கிறது உடம்புலயே புனிதமான இடம், பதப்படுத்தின அந்தத் தலையையே ஐரோப்பிய வியாபாரிங்க வாங்கி வித்துருக்காங்க, 1831ல நியூ சவுத் வேல்ஸ் கவர்னர் டார்லிங் அதைத் தடை பண்ண வேண்டியிருந்தது. ராப்ளின்னு ஒரு ஆபீசர், 68வது ரெஜிமெண்ட், கேட் பாவுல இருந்தவர், அவர் வரைஞ்ச படங்கள்தான் இன்னிக்கும் நமக்கு பெரிய ரெஃபரன்ஸ், அதே ஆள்தான் பின்னாடி இந்தத் தலைகளைச் சேத்து வெச்சவரும். அவர் சேத்தது நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போயி 2014லதான் நாடு திரும்பிச்சு. இதெல்லாம் தெரிஞ்சு அந்தப் படத்தைப் பாக்கணும்.

அதனால கோடு எந்தப் பக்கம் ஓடுதுன்னு கத்துக்கங்க, சேர்மானம் உங்களுதா இருக்கட்டும். மாவோரி முகங்களை வரைஞ்ச லிண்டவர், கோல்டிங்கிற ஓவியர்களோட படங்களையும் அதே மாதிரி பாருங்க. ஆர்க், ஜோம்பின்னு மாத்தி தலையை வெட்டி ஒட்டுற வேலைக்கு இந்தப் பொம்மைகளை எடுக்காதீங்க. வைக்காட்டோல பறிச்ச நிலத்துக்கு பிரிட்டிஷ் ராணியே கையெழுத்துப் போட்ட மன்னிப்புச் சட்டம் வந்தது 1995ல, இந்தப் போர்களை நினைச்சு அந்த நாட்டுல வருஷா வருஷம் அக்டோபர் 28ல நினைவு நாள் வைக்கிறாங்க. ஆறிப்போன கதை இல்ல இது.

உடைக்கு என்ன கலர்? புல் பாவாடைக்குப் பச்சையா?

புல் பாவாடைன்னு யாராவது சொன்னா அங்கயே நிறுத்துங்க. அது ஹராகெக்கேங்கிற நியூசிலாந்து ஃபிளாக்ஸ் செடியோட நார். காஞ்ச நார் வெளிர் மஞ்சள் தட்டின கிரீம், அதுக்கு சீப்பியா வாஷ், அப்பறம் கிரீமை டிரை பிரஷ் பண்ணா (பெயிண்டைத் துடைச்ச பிரஷ்ல மேடுகளை மட்டும் உரசுறது) ஒவ்வொரு இழையும் எழும்பும். இன்னிக்கு மேடை நிகழ்ச்சில பாக்குற கருப்புப் பட்டை போட்ட பியூபியூ பாவாடை 19ம் நூற்றாண்டு கடைசில வந்த ஸ்டைல், 1845 வீரருக்கு அந்தக் கருப்புப் பட்டை வேணாம்.

கொரொவாய் போர்வைன்னா கிரீம் துணி மேல கருப்புக் கயிறு தொங்கும், அந்தக் கயிறுகளை மட்டும் தனியா கருஞ்சாம்பல்ல தொட்டு எடுங்க. ஓரத்துல தானிகோ பின்னல் பட்டை இருந்தா கரும்பிரவுன் அடிச்சு அதுமேல துரு கலர்லயும் கிரீம்லயும் மாத்தி மாத்தி சின்ன முக்கோணம், அது போதும். தலைல ஹுயாங்கிற பறவையோட இறகுன்னா கருப்பு, நுனி மட்டும் வெள்ளை, தலைவர்களுக்கு மட்டும்.

1860களுக்கு வந்தா ஆளே மாறிருவார். காட்டன் சட்டை, வெயிஸ்ட்கோட், இடுப்புல கம்பளி, கட்டம் போட்ட சால்வை. பொம்மைத் தயாரிப்பாளர்கள் இதைக் குறைவாவே செதுக்குறாங்க, வாங்குறவன் இறகும் வெறும் உடம்பும்தான் கேக்குறான்னு நினைக்கிறாங்க போல. எனக்கு அந்த சட்டை போட்ட ஆள்தான் பிடிக்கும், கோட்டை கட்டுற இன்ஜினியர் மாதிரி நிப்பார்.

ஆயுதம்? எல்லாரும் ஈட்டி தானே?

இல்ல, துப்பாக்கி! 1845க்கு முன்னாடியே பழங்குடிகளுக்குள்ள மஸ்கெட் வெச்சு பெரிய பெரிய சண்டையே நடந்து முடிஞ்சிருச்சு. வடக்குத் தலைவர் ஹொங்கி ஹிக்கா 1820ல இங்கிலாந்து போயி நாலாம் ஜார்ஜைப் பாத்து இரும்புக் கவசம் பரிசு வாங்கிட்டு வந்த ஆள். நம்ம காலகட்டத்துல பிடிச்ச ஆயுதம் தூபாரா, ரெட்டைக்குழல் துப்பாக்கி. ரெண்டு குழலுக்கும் நடுவுல ஒரு கருங்கோடு கண்டிப்பா வேணும், இல்லன்னா ஒரே தடி மாதிரி தெரியும். தோட்டாப் பட்டை பிரவுன் தோல், இடுப்புல கைக்கோடாலி.

தையாஹா ஈட்டி இல்ல, ரெண்டு கையால சுத்துற கோல், தட்டையான பக்கம்தான் அடிக்கும், நாக்கு மாதிரி செதுக்கின முனை குத்தும். அந்த முனைக்குக் கீழ சிவப்பு இறகுப் பட்டை, வெள்ளை நாய்முடிக் குஞ்சம், நாக்குக்கு மேல கண்ணு இருந்தா பாவா சிப்பிக்கு ஒரு புள்ளி டர்க்காய்ஸ். பச்சைக்கல் மேரே, அதாவது குட்டையான கைத்தடி ஆயுதம், வெச்சிருந்தா கரும்பச்சை அடிச்சு விளிம்புல மட்டும் மஞ்சள்பச்சைக் கோடு இழுத்து கடைசில கிளாஸ் வார்னிஷ், மொத்தப் பொம்மையும் மேட்டா இருக்கிறப்ப அது ஒண்ணு மட்டும் மின்னும்.

மாவோரி எல்லாரும் ஒரே பக்கமா?

இல்லவே இல்ல. வடக்குப் போர்ல தாமதி வாகா நேனேங்கிற மாவோரித் தலைவர் ஹேகேவுக்கு எதிரா நின்னார், பின்னாடி ரோப்பாத்தா வஹாவஹாங்கிற இன்னொரு மாவோரித் தலைவர் தே கூட்டியைத் துரத்தினார். அடிச்ச பொம்மையையே ரெண்டு பக்கமும் வெச்சுக்கலாம், பர்சுக்கும் நல்லது.

பா கோட்டையை வீட்லயே செய்யலாமா?

செய்யலாம், செய்யணும், பாங்கிறது மாவோரிகளோட வேலி போட்ட கோட்டை, அது இல்லாம இந்தப் போருக்கு அர்த்தமே இல்ல. 1845 ஜூலை 1ல ஓஹாயாவாய்ல கர்னல் டெஸ்பார்ட் நேரா தாக்கச் சொல்லி சில நிமிஷத்துல சுமார் 40 பேரைப் பறிகொடுத்தார், காரணம் அந்த வேலியோட அமைப்பு. வெளி வேலி மேல ஃபிளாக்ஸ் நார் கட்டி தொங்கவிட்டிருந்தாங்க, பீரங்கி எவ்வளவு சேதம் பண்ணுச்சுன்னு வெளில இருந்து தெரியாது, வேலி தரையைத் தொடாம கொஞ்சம் தூக்கி நிக்கும், உள்வேலிக்குப் பின்னாடி பதுங்குகுழில இருக்கிறவன் அந்த இடைவெளி வழியா காலைக் குறிபாத்து சுடுவான்.

தென்னை ஈர்க்குச்சி, ஊதுபத்திக் குச்சி, பாம்பூ ஸ்க்யூவர் மூணையும் கலந்து அஞ்சு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய வெட்டுங்க, உயரம் ஒண்ணுபோல இருக்கவே கூடாது. நடுநடுவுல தடிமனான கம்பம். முன்வேலியை தரைல இருந்து ஆறேழு மில்லி தூக்கி ஒட்டி, பிரிச்ச சணலை பெவிகால்ல நனைச்சு அது மேல தொங்கவிடுங்க. மரத்துக்கு பிரவுன் அடிக்காதீங்க, வெயில்ல மழைல நின்ன மரம் சாம்பல்தான், கருஞ்சாம்பல் மேல வெளிர் சாம்பல் டிரை பிரஷ்.

கேட் பா செய்றீங்கன்னா அங்க வேலி பெருசா இல்ல, விஷயமே குழியும் பதுங்கு அறையும்தான். 1864 ஏப்ரல் 29ல சுமார் 1700 பிரிட்டிஷ் படைக்கு எதிரா 230 பேர்தான் உள்ள இருந்தாங்க, நாள் பூரா பீரங்கி அடிச்சும் குழிக்குள்ள தாக்குப்பிடிச்சு, உள்ள புகுந்தவங்களை விரட்டிவிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அடிபட்டுக் கிடந்த பிரிட்டிஷ் ஆபீசருக்கு ஹேனி தே கிரி கரமுங்கிற பெண் தண்ணி கொடுத்தாங்க, டயோராமா (பொம்மைகளை வெச்சு அமைக்கிற காட்சி) போட ஆசைப்படுறவங்களுக்கு இதைவிட நல்ல சீன் கிடைக்காது.

நமக்கும் இதுக்கும் ஏதாச்சும் தொடர்பு உண்டா?

ஒண்ணு ரெண்டு உண்டு. கேட் பாவுல அடிவாங்கின 43வது ரெஜிமெண்ட் அதுக்கு முன்னாடி மெட்ராஸ் ராஜதானிப் படைல பெங்களூர்ல இருந்தது, 1863ல இந்தியாவுல இருந்துதான் கப்பல் ஏறினாங்க. இன்னொண்ணு இன்னும் சுவாரஸ்யம், 1836 வாக்குல கொலென்சோங்கிற மிஷனரி வடக்குல மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கல மணியைக் கவுத்து வெச்சு உருளைக்கிழங்கு வேகவெக்கிறதைப் பாத்தார், அதுல முகையதீன் பக்ஸோட கப்பல் மணின்னு தமிழ்ல பொறிச்சிருந்தது, எப்படி அங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. இப்போ வெல்லிங்டன்ல தே பாப்பா அருங்காட்சியகத்துல இருக்கு. கிராம சீன் போடுறவங்க அடுப்புல சட்டிக்குப் பதிலா அந்த மணியை வைங்க, நான் வெச்சிருக்கேன்.

பொம்மை நிக்கிற பேஸுக்கு பச்சைப் புல் தூவினா போதுமா?

புல்வெளியா இருந்தா ஆட்டு மந்தைக்குத்தான் செட் ஆகும். அங்க பெரும்பாலும் ஃபெர்ன், மனுக்கா புதர், ஃபிளாக்ஸ். பேப்பரை வாள் மாதிரி வெட்டி கொத்தா ஒட்டினா ஃபிளாக்ஸ் ரெடி, மீன் தொட்டி பிளாஸ்டிக் செடி மர ஃபெர்ன் ஆயிரும். மண்ணு வடக்குல மஞ்சள் களிமண், தாராநாக்கில எரிமலைக் கருமண்.

லோக்கல் அக்ரிலிக் போதுமா, வல்லேஹோ மாதிரி இறக்குமதி பெயிண்ட் வேணுமா?

கோட்டை, பேஸ், கம்பளிக்கெல்லாம் கைவினைக் கடை அக்ரிலிக் தாராளம். முகத்துக்கும் சிவப்புக்கும் மட்டும் நல்ல பெயிண்ட் வாங்குங்க, மொத்தமா ஏழெட்டு பாட்டில் வரும்: ஒரு சிவப்பு, செம்பிரவுன், ரெண்டு தோல், கருநீலம், கிரீம், சாம்பல், ஒரு வாஷ். செட்டா வாங்காதீங்க, பாதி காய்ஞ்சுதான் போகும்.

வார்னிஷ்?

விளையாடுறதா இருந்தா முதல்ல ஒரு கோட் கிளாஸ், அதுக்கு மேல மேட். ஷெல்ஃப்ல மட்டும் நிக்கும்னா வெறும் மேட். பச்சைக்கல் மேரேவுக்கு கிளாஸ் தொட்டு வெக்கிறது எல்லாம் காய்ஞ்ச பிறகு, முன்னாடியே வெச்சா மேட் வந்து மூடிரும்.